வைஃபை இருக்கிறதா என்று கேட்கும் பெண்வீட்டாருக்கு

புதுச்சத்திரம்,
நாமக்கல் மாவட்டம்.

பெண்ணைப் பெற்ற பெரியவர்களே,

ஜாதகம் பொருந்திவிட்டது என்று சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் கரூரிலிருந்தும் கார் எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறீர்களே, உங்கள் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இந்த மடல். நான் கோழிப்பண்ணை வைத்திருக்கும் வீட்டுக்காரி. பண்ணைக் கணக்கு என் கையில். கல்யாண வயதில் ஒரு மகனும் இருக்கிறான். அதனால் நான் நடுவில் நின்று நியாயம் பேசுகிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் உட்கார்ந்துகொண்டுதான் எழுதுகிறேன். இருந்தாலும் எங்கள் பக்கத்து ஆட்கள் உங்களிடம் சொல்லாமல் விடுகிற சிலதைச் சொல்லப்போகிறேன்.

முன்பெல்லாம் வந்தவர்கள் கிணற்றைத்தான் முதலில் எட்டிப் பார்ப்பார்கள். எத்தனை ஏக்கர், போர் எத்தனை அடி, வீடு ரோட்டோரமா காட்டுக்குள்ளேயா, மாமியார் எப்படி (இதை எங்களிடம் கேட்க மாட்டார்கள், டீக்கடையில் கேட்டுக்கொண்டு வருவார்கள்). இப்போது காபி டம்ளரை வாங்குகிற கை ஒன்று, போனைத் தூக்கிப் பிடித்து எத்தனை கோடு என்று பார்க்கிற கை ஒன்று. “வீட்டுல நெட் நல்லா வருதுங்களா? பொண்ணு வீட்டுல இருந்தே வேலை பாக்குது...” என்று இழுக்கிறீர்கள். “வைஃபையே இருக்குதுங்க” என்று இந்தப் பக்கம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்கள். அத்தோடு பேச்சு பவுனுக்கும் மண்டபத்துக்கும் போய்விடுகிறது.

கேள்வி நல்ல கேள்விதான். கேட்பதைப் பாதியில் நிறுத்திவிடுகிறீர்கள் என்பதுதான் என் குறை.

முதலில் நெட் எங்கள் ஊருக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆண்டகளூர்கேட்டுக்கும் புதன்சந்தைக்கும் நடுவில், பெங்களூரிலிருந்து கன்னியாகுமரிப் பக்கம் போகிற நெடுஞ்சாலையிலேயே இருக்கிற ஊர் இது. பாச்சல் பக்கம் ரோட்டோரம் இஞ்சினியரிங் காலேஜ்கள். பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தால் போனில் முழுக்கோடும் இருக்கும். ஆனால் இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் ஊருக்குள் குடியிருப்பதில்லை. அவரவர் தோட்டத்தில் வீடு கட்டிக்கொண்டு, ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறோம். பக்கத்து வீடு என்று நாங்கள் சொல்வது கூப்பிட்டால் கேட்காத தூரம். டவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும். தோட்டத்து வீட்டில் மாடிப்படியின் மூன்றாவது படியில் மட்டும் பேச்சு கேட்கும். நீங்கள் உட்காருகிற முன்கூடத்தில் நாலு கோடு காட்டினாலும் பின்கட்டில் ஒன்றும் இருக்காது. போனைத் தூக்கிப் பார்ப்பதாக இருந்தால் தயவுசெய்து பின்கட்டு வரை போய்ப் பாருங்கள்.

எல்லா ஊராட்சிக்கும் கண்ணாடி இழை கேபிள் இழுப்பது என்று மத்திய அரசு 2011 அக்டோபரில் முடிவு செய்தது. 2015இல் அதற்கு பாரத்நெட் என்று பேர் மாற்றினார்கள். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் மின்கம்பத்தின் வழியாகவே இழுத்துவிடுவதாகத் திட்டம். டெண்டர் விட்டு, அதில் தகராறாகி, 2020 ஜூனில் டெண்டரே ரத்து. அந்த ஜூனை யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது, பாடமெல்லாம் போனில் நடந்தது. அடுத்த வருஷம், 2021இல், இதே மாவட்டத்தில் கொல்லிமலை அடிவாரத்து ஊர்களில் பிள்ளைகள் ஆலமரத்துக் கிளையில் ஏறி உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பு கவனித்த படம் நாடெங்கும் பேப்பரில் வந்தது. எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெரிகிற மலை அது. இழை இழுக்கிற வேலை 2022இல்தான் மறுபடி சூடுபிடித்தது.

அதற்குள் எங்களுக்கு வேறு ஒருவர் கொண்டுவந்துவிட்டார்: கேபிள் டிவிக்காரர். சீரியல் வந்த அதே கம்பம், அதே ஆள். மரத்துக்கு மரம், கம்பத்துக்குக் கம்பம் கறுப்பு ஒயரை இழுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் வந்தார். எந்தக் கம்பெனியின் பேரில் லைன் வாங்கியிருந்தாலும், சிவப்பு லைட் எரிந்தால் நாங்கள் கூப்பிடுவது அவர் வீட்டுப் பையனைத்தான்.

சிவப்பு லைட் என்றால் என்ன என்று உங்கள் பெண்ணுக்குத் தெரியும். சுவரில் மாட்டியிருக்கிற வெள்ளைப் பெட்டியில் அது மினுக்க ஆரம்பித்தால், எங்கோ இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் பக்கம் பெரும்பாலும் அறுப்பது சோளத்தட்டு லாரி. ஆளுயரத்துக்கு மேல் அடுக்கிக்கொண்டு தோட்டத்துப் பாதையில் திரும்பும்போது, தொங்கிக்கொண்டிருக்கிற ஒயரை அள்ளிக்கொண்டு போய்விடும். பையன் டிவிஎஸ் மொபெட்டில் வருவான். சீட்டைத் துடைத்து அதன்மேல் ஒரு சின்ன மெஷினை வைப்பான். கறுப்புத் தோலை உரித்தால் உள்ளே தலைமுடி கனத்துக்கு ஒரு கண்ணாடி இழை. அதை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, முனையை நறுக்கி, இரண்டு முனையையும் மெஷினில் எதிரும் புதிருமாக வைத்து மூடுவான். சின்னத் திரையில் இரண்டு முனையும் யானைத்தந்தம் மாதிரி பெரிதாகத் தெரியும், மெதுவாக நகர்ந்து ஒட்டும், ஒரு பொறி, இரண்டும் ஒன்றாகிவிடும். காற்றடித்துப் புழுதி பறந்தால் இந்த வேலை நடக்காது. ஆடி மாதத்தில் லைன் அறுந்தால் ஒரு குடையையோ பெட்ஷீட்டையோ பிடித்துக்கொண்டு வீட்டாள் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். நானே பிடித்திருக்கிறேன்.

இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நகரத்தில் ஒரு லைன் போனால் இன்னொன்று. இங்கே ஒரே ஒயர், அதை ஒட்டவைக்கத் தெரிந்த ஒரே பையன். அவனும் அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு மூன்று நாள் ஊருக்குப் போவான். மாப்பிள்ளை வீட்டில் இரண்டாவது வழி ஒன்று உண்டா, வேறு கம்பெனி சிம் போட்ட டாங்கிள் ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பவுனைக் கிராம் கணக்கில் பேசுகிறோம், இதைக் கேட்க என்ன கூச்சம்?

நெட் வந்து ஊர் மாறியிருக்கிறது. இல்லையென்று சொன்னால் பொய். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலை அறிவிக்கிறது என்றால், அடுத்த நிமிஷம் எல்லாப் பண்ணைக்காரர் வாட்ஸ்அப்பிலும் வந்துவிடுகிறது. வியாபாரி அந்த விலையிலிருந்து எவ்வளவு மைனஸ் போடுகிறார் என்பதையும் பத்துப் பேரிடம் விசாரித்துவிட்டுப் பேசலாம். குச்சிக்கிழங்கு போட்டவர்கள் எந்த சேகோ ஃபேக்டரியில் மாவுச்சத்துப் பாயிண்டுக்கு என்ன விலை என்று தெரிந்துகொண்டே லோடு ஏற்றுகிறார்கள். லாரிக்காரர் குடும்பங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டுக்காரர் நாக்பூர் தாண்டி நிற்பதும், டோல்கேட்டில் பணம் பிடித்ததும் வீட்டில் இருக்கிற போனுக்குத் தெரிகிறது. கணக்குப் பார்க்க ஆடிட்டர் வீட்டு வாசலில் காத்திருந்த பெண்கள் இப்போது இ-வே பில்லே போடுகிறார்கள். புதன்சந்தை மாட்டுச்சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர், பேசி முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கியூஆர் ஸ்கேன் செய்கிறார்.

பையன்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. 2020இல் ஊரடங்கு என்று பெங்களூரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்களில் சிலர் திரும்பிப் போகவில்லை. காலையில் பண்ணையில் தீவனம் போடுவது, பத்து மணிக்கு லேப்டாப், மதியம் அம்மா கைச் சோறு, சாயங்காலம் சிவப்பு மண்ணில் வாலிபால். வாடகை இல்லை, டிராஃபிக் இல்லை. புரட்டாசி சனிக்கிழமை நைனாமலை ஏறிவிட்டு வந்து படம் போடுகிறார்கள். கீழே நூறு பேர் “கொடுத்து வைத்தவன்” என்று எழுதுகிறார்கள். நெட் வந்த பிறகு கிராமத்து வாழ்க்கைக்கு மவுசு கூடிவிட்டது என்று பேசுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். பேசுகிறவர் யார்? அநேகமாக ஆண். சோறு யார் கையால் வருகிறது என்பதைச் சொல்லியிருக்க மாட்டார்.

ஆனால் ஊரில் தங்குவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறவர் இன்றைக்கு அவர் இல்லை. உங்கள் பெண்தான். எங்கள் பக்கம் தோட்டம் தொரவு எல்லாம் இருந்தும் முப்பத்தைந்து வயதுவரை கல்யாணம் ஆகாத பையன்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பாலக்காட்டுப் பக்கம் போய்ப் பெண் எடுத்து வந்தவர்களும் உண்டு. விவசாயம் பார்க்கிற மாப்பிள்ளை வேண்டாம் என்று பெண்கள் சொல்வதைத் திமிர் என்று எங்கள் ஆட்கள் திண்ணையில் திட்டுகிறார்கள். பெண்கள் ஏன் குறைந்தார்கள் என்று அந்தத் திண்ணையில் யாரும் பேசுவதில்லை. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில்தான் முதலில் தொடங்கியது, பெண் சிசுவைக் கொல்லாமல் தொட்டிலில் போட்டுவிட்டாவது போங்கள் என்று. அப்போது நாமக்கல் தனி மாவட்டம் கூட இல்லை. 1997 வரை நாங்களும் சேலம்தான். 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள். அன்றைக்குத் தொட்டிலுக்கும் வராமல் போன பிள்ளைகள் இருந்திருந்தால் இன்றைக்குக் கல்யாண வயது. வைஃபை போட்டால் பெண் கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இனி நீங்கள் கேட்காமல் விடுகிற பாதிக்கு வருகிறேன்.

வீட்டில் நெட் இருப்பதும் வீட்டில் இருக்கிற பெண்ணிடம் நெட் இருப்பதும் ஒன்றல்ல. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019 முதல் 2021 வரை எடுத்தார்களே, அதில் இந்தியக் கிராமங்களில் ஒரு முறையாவது இணையம் பயன்படுத்திய ஆண்கள் நூற்றுக்கு 48.7 பேர், பெண்கள் 24.6. ஏறக்குறைய சரிபாதி. ஒரே கூரைக்குக் கீழே அந்தப் பாதி எப்படிக் காணாமல் போகிறது என்று எந்த மாமியாரைக் கேட்டாலும் தெரியும். பெட்டி எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். முன்கூடத்தில், இல்லாவிட்டால் மகனின் ஆபீஸ் ரூமில், அதுவும் இல்லாவிட்டால் கேமராவுக்கு வேண்டுமென்று பண்ணைப் பக்கத்துச் சுவரில் இருக்கும். கோழிக்கு எட்டுகிற சிக்னல் சமையல்கட்டுக்கு எட்டாத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊரிலேயே, பேர் வேண்டாம், ஒரு மருமகள் இருக்கிறாள். சேலத்துப் பெண். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. சம்பளம் கணவனுடையதைவிட அதிகம் என்று கேள்வி. அந்த வீட்டில் அதைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். லைனெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. பதினொரு மணிக்கு அவளுக்கு மீட்டிங். பதினொன்றே காலுக்கு உறவுக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை வைக்க வருவார்கள். கதவு சாத்தியிருக்கும். “உள்ளார என்ன பண்ணுது?” “கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்குது.” “வந்து ஒரு வாய் வாங்கன்னு சொல்லிட்டுப் போனா என்னவாம்?” இப்படி வாரத்துக்கு நாலு தடவை. வேலை என்றால் காலையில் பஸ் ஏறிப் போவதுதான் என்று எங்கள் தலைமுறைக்குப் பழக்கம். ராசிபுரத்துக்கு டீச்சர் வேலைக்குப் போகிற மருமகளை யாரும் கூப்பிட்டுக் காபி போடச் சொல்வதில்லை, ஆள் வீட்டில் இல்லையே. வீட்டிலேயே இருந்து சம்பாதிக்கிறவளுக்குத்தான் இரண்டு வேலையும். கடைசியில் அவள் அறைக் கதவில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டினாள். ரிப்பன் தொங்கினால் கூப்பிடக்கூடாது என்று மாமனாரிடம் சொல்லிவைத்தாள். அந்த மனிதர் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு அவரே காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். அவர் போடுகிற காபி வாயில் வைக்க முடியாது. ஆனால் அந்தப் பெண் ஊரைவிட்டுப் போகாமல் இருக்கிறாள் என்றால் ஒயர் இழுத்த கம்பெனியைவிட அந்த மாமனாருக்குத்தான் நான் மாலை போடுவேன்.

வெளியூர்க் கதை இரண்டு சொல்கிறேன். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ கம்பெனி ஆபீஸ் வைத்திருப்பதும், அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவை விட்டு அங்கேயே குடியேறியதும் நீங்கள் அறிந்ததே. எங்கள் பையன்கள் எல்லோரும் அவர் வேட்டி சைக்கிள் படத்தைக் காட்டுவார்கள். அங்கே வேலை ஊருக்கு வந்தது, ஆபீஸ் என்று ஒரு கட்டடமும் வந்தது. பெண்பிள்ளைகள் காலையில் கிளம்பிப் போய் உட்கார ஓர் இடம் கிடைத்தது. அந்தக் கட்டடத்தை யாரும் படம் எடுத்து அனுப்புவதில்லை. இன்னொன்று ஜப்பானில் கமியாமா என்கிற மலையூர். கிழவர்கள் மட்டும் மிஞ்சிக்கொண்டிருந்த ஊர். கண்ணாடி இழை நல்ல வேகத்தில் வந்த பிறகு, 2010இல் டோக்கியோவின் சான்சான் கம்பெனி அங்கே பழைய வீடு ஒன்றில் கிளை போட்டது. பின்னால் மற்றவர்களும் போனார்கள். 2011இல் ஊரைவிட்டுப் போனவர்களைவிட வந்தவர்கள் அதிகம். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் 1999 முதலே வெளியூர்க் கலைஞர்களை வரவழைத்துத் தங்கவைத்துப் பழகியிருந்தார்கள். காலி வீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இன்ன தொழில் தெரிந்தவர் வாருங்கள் என்று ஆள் தேடி அழைத்தார்கள். புதிதாக வருகிறவர்களை எப்படி வைத்துக்கொள்வது என்று ஒயர் வருவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எங்களுக்கு அது தெரியுமா? பாதி தெரியும். விருந்தென்றால் தெரியும். குடிவந்த மருமகள் ஸ்கூட்டி எடுத்துக்கொண்டு சாயங்காலம் தனியாக நாமக்கல் போய்விட்டு வந்தால், எதற்குப் போனாள் என்று வழியில் மூன்று பேர் விசாரிப்பார்கள். நெட் இதற்கு மருந்தில்லை. இருட்டிய பிறகு உள்ளூருக்குப் பஸ் இல்லாததற்கும், ராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கார் தேடுவதற்கும் மருந்தில்லை. ஒன்று மட்டும் உண்டு. அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றால் ஆடிக்கும் தீபாவளிக்கும் காத்திருந்தது என் காலம். உங்கள் பெண் தினமும் வீடியோவில் உங்களைப் பார்க்கலாம். அதிலும் எங்கள் ஆட்கள் “எந்நேரமும் போனு” என்று முணுமுணுப்பார்கள். நீங்களும் ஒரு நாளைக்கு ஆறு தடவை கூப்பிட்டு, என்ன குழம்பு வைத்தாய், மாமியார் என்ன சொன்னாள் என்று கேட்காதீர்கள். அந்த மாமியார் பக்கத்து அறையில்தான் இருப்பாள், காதும் நன்றாகக் கேட்கும்.

மாப்பிள்ளை விஷயத்திலும் ஒன்று கேட்டுவிடுங்கள். வீட்டிலிருந்தே வேலை என்பது ஆர்டரில் எழுதியிருக்கிறதா, மேனேஜர் வாய்மொழியா? ஊரடங்கு முடிந்த பிறகு பல கம்பெனிகள் வாரம் மூன்று நாள் வா, ஐந்து நாள் வா என்று கூப்பிட்டுவிட்டன. கிராமத்து வீடு, பெங்களூர்ச் சம்பளம் என்று பேசிக் கல்யாணம் முடித்து, ஆறே மாதத்தில் பையன் பெங்களூருக்கும் பெண் மாமியாரோடு தோட்டத்துக்கும் என்று ஆன குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும்.

பேசி முடித்தால் உறுதி வார்த்தையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: லைன் பில் அவள் பேரில் இருக்கட்டும், அவள் அறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் இருக்கட்டும், அவள் வேலை நேரத்தில் அடுப்பு யார் பொறுப்பு என்று பையன் தன் வாயால், அவன் அம்மா முன்னால் சொல்லட்டும். சொல்லும்போது அம்மா முகத்தைப் பாருங்கள். என் வீட்டுக்கு வந்தால் என் முகத்தையும்தான்.

வருகிற நாளையும் யோசித்துப் பாருங்கள். வளர்பிறை, முகூர்த்தம் எல்லாம் பார்த்துத்தான் வருவீர்கள். அதோடு, எங்கள் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் எந்த நாளில் கரண்ட் நிறுத்துகிறது என்பதையும் பேப்பரில் பார்த்துவிட்டு, அந்த நாளில் வாருங்கள். காலை ஒன்பது மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். வெள்ளைப் பெட்டிக்குச் சின்ன பேட்டரி ஒன்று போதும். நடுவில் இழைக்குக் கரண்டே வேண்டாம், வெளிச்சம்தான் ஓடுகிறது. ஆனால் கேபிள்காரர் ரூமிலும் பேட்டரி இருந்தால்தான் இந்த முனையில் பச்சை லைட் எரியும். பதினொரு மணிக்கு உங்கள் பெண்ணை வீடியோவில் கூப்பிட்டுப் பாருங்கள், பின்கட்டிலிருந்து. முன்கூட்டிச் சொல்லிவிட்டு மட்டும் வராதீர்கள். சொன்னால் நாங்கள் பக்கத்துப் பண்ணை ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு வந்து வைத்துவிடுவோம்.

இப்படிக்கு,
புதுச்சத்திரத்திலிருந்து ஒரு மாப்பிள்ளையின் அம்மா